மன்னார்க் கரையில் வீடு விற்போர் கடமை

ஒரு குடும்பம் தன் வாழ்நாளிலே வாங்கும் பொருள்கள் அனைத்திலும் பெரியது வீடு. நெல் வாங்குபவர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையிலே தேய்த்துப் பார்க்கின்றார். புடைவை வாங்குபவர் விரித்து வெளிச்சத்திலே பிடித்துப் பார்க்கின்றார். மாடு வாங்குபவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றார். வீட்டுக்கோ பல் இல்லை. அதன் அத்திவாரம் மண்ணுக்குள்ளே கிடக்கின்றது. இரும்புக் கம்பி கொங்கிறீற்றுக்குள்ளே கிடக்கின்றது. சுவரின் வெடிப்பு புதிய பூச்சுக்குள்ளே மறைந்து கிடக்கின்றது. அந்த வீட்டிலே பத்து மாரிகாலம் குடியிருந்தவர் அவற்றையெல்லாம் அறிவார். ஒரு மாலைப் பொழுதிலே வந்து பார்த்துப்போகின்றவர் அறியார்.

அறிந்தவர் அறியாதவருக்கு எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவர்? இந்த வினா புதியதன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் அறிஞர் அவைகளிலும் கேட்கப்பட்டு வந்த வினா அது. அந்த வினாவின் வரலாற்றைக் காண்பதற்கு மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் பொருத்தமான இடங்களாகும். ஏனெனில், தமிழர் வழமை, உரோமர் நீதி, ஒல்லாந்தர் நூல், ஆங்கிலேயர் கட்டளை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் மண் அது.

முதலில் அம்மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவுப்பகுதி ஊர்களிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய பெருநிலக் கரையூர்களிலும் மணலும் உவருமே மிகுதி. முற்காலத்திலே பொதுமக்களின் வீடு களிமண் சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தது. அது பழுதுபட்டால் எவர் கண்ணுக்கும் தெரியும். ஓலையை மாற்றினால் அடுத்த மாரிக்கு வீடு ஆயத்தம். அத்தகைய வீட்டிலே மறைப்பதற்கு யாதும் இல்லை. வசதி படைத்தோரும் ஆட்சியாளரும் கல்லாலும் செங்கல்லாலும், சிப்பியையும் முருகைக் கல்லையும் சுட்டெடுத்த சுண்ணாம்பாலும் கட்டிடங்கள் எழுப்பத் தொடங்கிய பின்னரே, குறை சுவருக்குள்ளே ஒளிந்துகொள்ளலாயிற்று.

உவர் மண்ணிலே எழுந்த சுவருக்கு நேரும் நோய் தனியானது. நிலத்தடியில் உள்ள உவர்நீர், விளக்குத்திரியிலே எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரிலே மெல்ல மெல்ல ஏறுகின்றது. வெயிலும் காற்றும் பட்டு நீர் ஆவியாகின்றது. உப்பு அங்கேயே தங்கிப் பளிங்காக உறைகின்றது. உறைந்த உப்பு விரியும்போது பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கின்றது. கொங்கிறீற்றுக்கு நேர்வது இதனினும் கொடியது. கடல்மணலைக் கழுவாமல் கலந்து கட்டினால், அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைக் காத்துநிற்கும் மெல்லிய படலத்தை அழிக்கின்றது. கம்பி துருப்பிடிக்கின்றது, துரு தான் உண்ட இரும்பிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றது, கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளக்கின்றது. இவை ஒரே நாளில் நிகழ்வன அல்ல. சில ஆண்டுகள் செல்லும். அந்தச் சில ஆண்டுகளுக்குள்ளே வீடு கைமாறினால், நோய் ஒருவருடையது, மருந்துச் செலவு மற்றொருவருடையது என்றாகின்றது. விற்பனைக்கு முதல் வாரத்திலே பூசிய வெள்ளை, உவர் பூத்த சுவரையும் புதுச்சுவராகக் காட்டவல்லது.

இந்தக் கரையிலே வீட்டின் குறையைப் பற்றிப் பேசும் எவரும் அரிப்பிலே உள்ள ஓர் இடிபாட்டை நினையாதிருத்தல் இயலாது. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். கதைவழக்கு எதுவாயினும், அது இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆள்பதியாகிய பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலத்திலே தங்குவதற்கெனக் கட்டுவித்த மாளிகை. 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையிலே, கிரேக்க நாட்டுத் தோரியப் பாணித் தூண்களோடு, கடலைப் பார்த்தபடி மேட்டின் விளிம்பிலே அது எழுப்பப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பின் பூச்சு அதற்குப் பளிங்கின் வெண்மையைக் கொடுத்தது. ஆயினும் அது நின்ற மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. இன்று எஞ்சியிருப்பன சில சுவர்களும் தூண்களின் துண்டுகளுமே. அந்த மாளிகையின் குறை சுவரிலோ பூச்சிலோ இல்லை. அது நின்ற இடத்திலே இருந்தது. கட்டிடத்தின் குறை என்பது கட்டிடத்தோடு முடிவதில்லை என்பதற்கு அரிப்பு மேடு சான்று பகர்கின்றது.

இனி, இந்தக் கரையிலே நிலவிய சட்டத்தை நோக்குதல் தகும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரிலே கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியிலே மன்னார் யாழ்ப்பாணக் கொம்மாந்தரின் ஆட்சிப் பிரிவுக்குள் அடங்கியிருந்தது. வழக்குகளைத் தீர்ப்பதற்கு நாட்டு மக்களின் வழமைகளை அறிந்திருத்தல் வேண்டும் என்று கண்ட ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ், அவற்றைத் தொகுக்கும்படி கட்டளையிட்டார். அப்பணியை முடித்தவர், யாழ்ப்பாணத்திலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மக்களின் நடைமுறைகளை நேரிற் கண்டறிந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை. 1707இல் அத்தொகுப்பு நிறைவுற்றது. தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டபோது, அது நாட்டு வழமைக்கு இயைந்ததே என்று அவர்கள் ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை. பின்னர் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவை அளித்தனர்.

காணி விற்பனை பற்றித் தேசவழமை கூறுவது கவனிக்கத்தக்கது. ஒருவர் தம் காணியை அயலாருக்கு மறைவாக விற்றுவிடுதல் ஆகாது. உரித்தாளர்களுக்கும், பங்காளர்களுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய எல்லைக் காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். ஊரில் இருப்போருக்கு ஒரு மாதம், அதே மாகாணத்தின் வேறு கோயிற்பற்றில் இருப்போருக்கு மூன்று மாதம், வேறு மாகாணத்தில் இருப்போருக்கு ஆறு மாதம், நாட்டுக்கு வெளியே இருப்போருக்கு ஓராண்டு என்று காலமும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் காலத்திலே, விற்பனையைத் தேவாலயத்திலே அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்து அறிவிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த முற்கொள்வனவு உரிமையைச் சுருக்கி, தேசவழமைக்கு உட்பட்ட சொத்துகளின் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுமே உரியதாக்கியது.

இவ்வழமையின் உட்கருத்து யாதெனில், காணி விற்பனை இருட்டிலே நிகழும் காரியமன்று என்பதே. எனினும், அங்கே வலியுறுத்தப்படும் அறிவித்தல் சுற்றத்தாரையும் பங்காளரையும் நோக்கியது, வாங்குபவரை நோக்கியதன்று. யாருக்கு விற்கலாம் என்பதைத் தேசவழமை விரிவாகச் சொல்லிற்று. விற்கும் வீட்டின் உத்திரத்திலே கறையான் இருந்தால் அதனை வாங்குபவருக்குச் சொல்லவேண்டுமா என்ற வினாவுக்கு விடையை வேறிடத்திலே தேடவேண்டியிருந்தது. களிமண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட வீட்டைக் காட்டிலும் அது நின்ற காணியே பெறுமதி மிக்கதாய் இருந்த காலத்திலே அவ்வினா பெரிதாக எழாதிருந்ததில் வியப்பில்லை.

விடை உரோமாபுரியிலிருந்து வந்தது. அங்கே சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் அவற்றின் நோய்களையும் குறைகளையும் வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டனர். சொல்லத் தவறினால், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அன்றேல் விலையிலே ஒரு பகுதியைக் குறைப்பிக்கலாம். மனிதரைச் சந்தைப் பொருளாக விற்ற கொடுமையோடு பிறந்த விதி அது என்பதை மறத்தலாகாது. ஆயினும் அந்த விதி சந்தையோடு நில்லாது வளர்ந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டிலே யஸ்டீனியன் பேரரசர் உரோமச் சட்டத்தைத் தொகுப்பித்த காலத்திலே, அது நிலம், வீடு உட்பட எல்லா விற்பனைக்கும் பொருந்தும் பொது விதியாகிவிட்டது.

வீட்டைப் பற்றியே எழுந்த வழக்கு ஒன்றை உரோம அறிஞர் சிசெரோ, கி.மு. 44இல் தாம் எழுதிய கடமைகள் பற்றிய நூலிலே விவரிக்கின்றார். உரோமாபுரியின் குன்று ஒன்றிலே கிளாடியஸ் செந்துமாலஸ் என்பவருக்கு உயர்ந்த வீடு ஒன்று இருந்தது. வானத்திலே நிமித்தம் பார்க்கும் குருமார், தம் பார்வையை அவ்வீடு மறைக்கின்றது என்றும், அதன் உயர்ந்த பகுதிகளை இடித்துவிடவேண்டும் என்றும் அவருக்கு ஆணையிட்டனர். அவரோ ஆணையை மறைத்து, வீடு விற்பனைக்கு உண்டு என்று விளம்பரம் செய்தார். கல்பூர்னியஸ் லனாரியஸ் என்பவர் வாங்கினார். குருமார் அதே ஆணையை வாங்கியவருக்கும் விடுத்தனர். அவர் பணம் கொடுத்து வாங்கிய வீட்டைத் தாமே இடிக்க நேர்ந்தது. விற்பவர் முன்பே அறிந்திருந்தார் என்ற செய்தி பின்னர் தெரியவந்ததும் அவர் வழக்குத் தொடுத்தார். நடுவராக இருந்த மார்க்கஸ் கேட்டோ, விற்கும்போதே அறிந்திருந்தும் சொல்லாது விட்டமையால் வாங்கியவரின் நட்டத்தை விற்றவரே ஈடுசெய்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அதே நூலிலே மற்றொரு விவாதமும் உண்டு. ஒரு வீடு நோய்க்கு இடமானது, அதன் அறைகளிலே பாம்புகள் திரிகின்றன, மரவேலையும் பழுது. சொந்தக்காரரைத் தவிர வேறு எவரும் அறியார். சொல்லாமல் விற்றால் அது தகுமா? தியோஜெனிஸ் என்னும் தத்துவஞானி, பேசாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்று வாதாடியதாகவும், அந்திபாத்தர் என்பவர், வழி தெரியாதவனுக்கு வழி காட்டாது விடுதலினும் இது கொடியது என்று மறுத்ததாகவும் சிசெரோ எழுதுகின்றார். தமக்கு இலாபம் வேண்டி, பிறர் அறிந்துகொள்வதால் நன்மை அடையக்கூடிய செய்தியை அடக்கி வைப்பதே மறைத்தல் என்பது சிசெரோவின் முடிவு. வள்ளுவரும் வாணிகம் செய்வோரின் நெறியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்துச் சொல்லியிருத்தல் சிந்தித்தற்குரியது. தராசை ஒக்கப் பிடிப்பதும் உண்மையை ஒக்கப் பகிர்வதும் ஒரே அறத்தின் இரு பக்கங்களாகும்.

உரோமரின் அந்த நீதி ஒல்லாந்து தேசத்திலே புத்துயிர் பெற்றது. ஹியூகோ குரோஷியஸ் 1631இலும், சைமன் வான் லேவன் 1664இலும் வெளியிட்ட நூல்களும், யொகான்னஸ் வூட் என்னும் பேராசிரியர் 1698 முதல் 1704 வரை வெளியிட்ட விரிவுரையும், உரோமச் சட்டத்தை ஒல்லாந்தர் வழமையோடு இணைத்து வகுத்தன. அதுவே உரோம ஒல்லாந்தச் சட்டம். ஒல்லாந்தர் கப்பல்களிலே அது இலங்கைக் கரையையும் அடைந்தது.

1795இலே மன்னார்க் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. ஆட்சி மாறியபோது சட்டமும் மாறிவிடுமோ என்ற ஐயத்துக்கு 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் வெளியிடப்பட்ட பிரகடனம் விடை அளித்தது. ஒல்லாந்தர் காலத்திலே நிலவிய சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று அது அறிவித்தது. அப்பிரகடனம் வெளியானபோது ஆள்பதியாக இருந்தவர், அரிப்பு மேட்டிலே மாளிகை கட்டிய அதே நோர்த்து ஆள்பதிதான். மாளிகை கடலுக்கு இரையாயிற்று. பிரகடனத்தின் பயனோ இன்றும் நிலைத்திருக்கின்றது. இலங்கையிலே வீடு, காணி முதலிய அசையாச் சொத்துகளின் விற்பனையில், சிறப்புச் சட்டம் இல்லாத இடங்களிலே உரோம ஒல்லாந்தச் சட்டமே பொதுச் சட்டமாக விளங்குகின்றது.

ஆங்கிலேயரின் பழைய கொள்கை வேறு. வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும், விற்பவர் பொய் சொல்லாதிருந்தாற் போதும் என்பது அது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்டது. ஆனால் அது அசையும் பொருள்களுக்கே உரியது. ஆகவே, மன்னார்ச் சந்தையிலே ஒரு துவிச்சக்கர வண்டி வாங்குபவரின் உரிமை ஆங்கிலேயர் வழிவந்த சட்டத்தாலும், அதே தெருவிலே ஒரு வீடு வாங்குபவரின் உரிமை உரோமர் வழிவந்த சட்டத்தாலும் ஆளப்படுகின்றன.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகின்றது? குறைகளை அது இரண்டாகப் பிரிக்கின்றது. சாதாரண கவனத்தோடு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் குறை வெளிப்படைக் குறை. உடைந்த கதவும், ஒழுகிக் கறைபடிந்த முகடும் அத்தகையன. பார்த்தும் வாங்கியவர் பின்னர் முறையிடுதல் இயலாது. அவ்வாறு பார்த்தாலும் தெரியாத குறை மறைவான குறை. அக்குறை விற்பனை நாளிலேயே இருந்திருக்க வேண்டும்; வாங்குபவர் அதனை அறியாதிருந்திருக்க வேண்டும்; வீட்டை வீடாகப் பயன்படுத்துவதற்கு அது தடையாகவோ பெருங் குறைவாகவோ இருத்தல் வேண்டும். இவை பொருந்தினால், விற்பவர் தாமே அக்குறையை அறியாதவராயினும், வாங்கியவர் குறையின் அளவுக்கு ஏற்ப விற்பனையை மீட்கவோ விலையைக் குறைப்பிக்கவோ கோரலாம்.

விற்பவர் அறிந்தே மறைத்தாராயின் நிலைமை மேலும் கடுமையாகின்றது. விலையைத் திருப்பிக் கொடுப்பதோடு, அதனால் நேர்ந்த நட்டத்துக்கும் அவர் பொறுப்பாளி ஆவார். உள்ளது உள்ளபடியே விற்கப்படுகின்றது என்று உறுதியிலே ஒரு வரி எழுதிக்கொள்வது சிலரின் வழக்கம். அறியாமல் விற்றவருக்கு அந்த வரி கேடயமாகலாம். அறிந்து மறைத்தவருக்கு ஆகாது. வெடிப்பைப் பூசி மூடியவர், தாம் அறிந்திருந்தார் என்பதற்குத் தாமே சான்று எழுதி வைத்தவராகின்றார்.

இங்கே ஒரு பொதுத் தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுத்திலே கைச்சாத்திடப்படாவிடில் செல்லுபடியாகாது. பின்னர் உறுதி காணிப் பதிவகத்திலே பதியப்படுகின்றது. நொத்தாரிசு முன் எழுதி, பதிவும் செய்தாயிற்று, இனிப் பயமில்லை என்று மக்கள் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் பதிவேடு காட்டுவது காணியின் உரித்தை. ஈடும் வழக்கும் உண்டா என்பதை. சுவர் எந்த மணலால் கட்டப்பட்டது என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. வேலிக்கரையிலே நின்று விற்பவர் வாயால் சொன்ன உறுதிமொழி உறுதியிலே ஏறாவிடில், பின்னாளிலே அதனை மெய்ப்பிப்பதும் எளிதன்று. உரித்தும் கட்டிடமும் இரு வேறு சோதனைகளை வேண்டுவன.

கரையோர வீட்டுக்கு வேறொரு செய்தியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வகுத்து, அங்கே கட்டிடம் எழுப்புவதற்கு அனுமதியை வேண்டுகின்றது. நகரப் பகுதிகளிலே, 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அங்கீகரித்த வரைபடத்தின்படியே வீடு கட்டப்பட்டதென உள்ளூராட்சி மன்றம் வழங்கும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். அனுமதியின்றிக் கட்டிய அறையையோ, அகற்றும்படி அறிவித்தல் வந்த சுவரையோ சொல்லாமல் விற்பவர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் குருமாரின் ஆணையை மறைத்த செந்துமாலஸ் செய்ததையே செய்கின்றார்.

கடலுக்கு அப்பால், இராமேசுவரக் கரையிலே இதே கடமை வேறு வடிவத்திலே காணப்படுகின்றது. 1882ஆம் ஆண்டின் இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், சாதாரண கவனத்தால் வாங்குபவர் கண்டறிய முடியாததுமான முக்கிய குறை எதுவாயினும், அது சொத்திலே இருந்தாலும் உரித்திலே இருந்தாலும், விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்று வகுத்தது. 2016ஆம் ஆண்டின் நிலம், கட்டிட மனை ஒழுங்குபடுத்தும் சட்டம், கட்டி விற்கும் நிறுவனங்களின் திட்டங்களிலே, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து அறிவிக்கப்பட்டால், முப்பது நாள்களுக்குள் கட்டணமின்றித் திருத்திக் கொடுக்கும் கடமையை விதித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, நிரப்பிய மண்ணின்மேல் கட்டப்பட்டு நிலச்சரிவால் சிதைந்த வீடு பற்றிய வழக்கில் 1984இல் தீர்ப்பு வந்தது. வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகரும் நியாயமான கவனத்தோடு சோதித்துக் குறையைச் சொல்லவேண்டும் என்றது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டிலே அங்கே, விற்பவர் தாம் அறிந்த குறைகளை அச்சிட்ட படிவத்திலே எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சட்டமும் இயற்றப்பட்டது. இலங்கையிலே கடமை உண்டு. தனிப்பட்ட இரு குடும்பங்களுக்கிடையே வீடு கைமாறும்போது நிரப்பவேண்டிய அத்தகைய படிவம் இல்லை. அக்கடமை நூல்களிலும் தீர்ப்புகளிலும் உறைகின்றமையால், சாதாரண மக்கள் அதனை அறியாது வாழ்கின்றனர்.

அறியாமையின் விலை இன்று முன்னரிலும் அதிகம். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே தனுஷ்கோடியையும் மன்னார்ப் பகுதியையும் தாக்கிய சூறாவளி எத்தனையோ கூரைகளைக் கொண்டுசென்றது. அதன்பின் வந்த போர், வீடுகளோடு வாழ்க்கையையும் சிதைத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே மன்னார் உள்ளிட்ட வடபகுதி முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்களும் மடுவை நோக்கியும் கடல்கடந்தும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2009இலே போர் முடிந்தபின் மீண்டவர்கள், கூரையற்ற சுவர்களையும், வேரோடிய அத்திவாரங்களையும் கண்டனர். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18ஆம் நாள் வரை தம் காணியுரிமையைக் கோர இயலாதிருந்தோருக்கு, அக்காலத்தைக் காலாவதிக் கணக்கிலே சேர்க்காது விடும் வாய்ப்பை அளித்தது. உரித்துக்கு அவ்வாறு ஒரு பரிகாரம் கிடைத்தது. சுவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் புதிய பூச்சு மட்டுமே.

அதிர்ந்த பழஞ்சுவரின்மேல் எழுந்த புது மாடியும், கையிலிருந்த பணத்துக்கேற்ப அவசரமாகக் கட்டிய புது வீடும் காலப்போக்கிலே கைமாறும். வாங்குவோருள் பலர் மகளின் சீதனத்துக்காக வீடு தேடும் பெற்றோர். வெளிநாட்டிலே உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தை ஒரே முறையிலே செலவிடுவோர். வங்கிக் கடனை இருபது ஆண்டு கட்டவேண்டிய ஆசிரியரும் எழுதுவினைஞரும். அவர்களுக்கு இரண்டாவது வீடு வாங்கும் வலிமை இல்லை. கம்பி துருப்பிடித்த தளத்தின் கீழே உறங்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறை வெறும் பணக் கணக்கும் அன்று.

ஆதலின் விற்பவர் வெளிப்படுத்தவேண்டியன யாவை எனத் தொகுத்துக் கூறுதல் பயன்தரும். அத்திவாரம் எந்த மண்ணிலே, நிரப்பிய நிலத்திலா, இயற்கை நிலத்திலா அமைந்தது. எந்த ஆண்டிலே, எந்த மணலால் கட்டப்பட்டது. சுவரும் தளமும் எங்கே வெடித்தன, எப்போது பூசப்பட்டன. மாரியிலே வளவுக்குள் வெள்ளம் எவ்வளவு நிற்கும். கிணற்று நீர் எந்த மாதத்திலே உவர்க்கும். கூரை மரத்திலே கறையான் இருந்ததா. போரிலே கட்டிடம் தாக்குண்டதா. அனுமதியும் சான்றிதழும் உண்டா. அரசிடமிருந்தோ உள்ளூராட்சி மன்றத்திடமிருந்தோ அறிவித்தல் ஏதும் வந்ததா என்பனவே அவை. தாம் அறிந்ததை அறிந்தபடியும், அறியாததை அறியேன் என்றும் எழுதிக் கையொப்பமிட்டு, உறுதியோடு வைத்துக்கொண்டால் இரு திறத்தாருக்கும் அது பாதுகாப்பு. வாங்குபவரும் வெயிற்காலத்திலே ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை வீட்டைப் பார்த்து, கட்டிடம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். குறை பின்னர் தெரியவந்தால், சுவரை இடித்து மாற்றுவதற்கு முன்னரே படம் எடுத்து, காலந் தாழ்த்தாது சட்டத்தரணியை நாடுதல் வேண்டும். தாமதித்தவரின் கோரிக்கை வலுவிழக்கும்.

குறையைச் சொன்னால் விலை குறையுமே என்று விற்பவர் அஞ்சலாம். குறையும் என்பது உண்மை. ஆனால் அவ்வாறு குறைந்த விலைதான் அந்த வீட்டின் மெய்யான விலை. அதற்கு மேலே பெறும் தொகை வீட்டுக்குக் கிடைத்த விலையன்று. வாங்குபவரின் அறியாமைக்குக் கிடைத்த விலை. சொல்லி விற்றவர் அன்று மாலையே அந்த வீட்டை மறந்து நிம்மதியாக உறங்கலாம். மறைத்து விற்றவருக்கோ, ஒவ்வொரு மாரியும் ஒரு நீதிமன்ற அழைப்பைக் கொண்டுவரக்கூடும்.

காணியை விற்குமுன் சுற்றத்தாருக்குச் சொல் என்றது தேசவழமை. குறையை வாங்குபவருக்குச் சொல் என்றது உரோமர் நீதி. முன்னதை மன்னார்க் கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். பின்னதும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கு உரிய சட்டமே. அதனை ஊர்ச் சபைகளும் நொத்தாரிசுமாரும் பாடசாலைகளும் மக்களுக்கு எடுத்துரைப்பின், வீடு விற்கும் நாளிலே திறப்போடு உண்மையும் கைமாறும்.